மாமாவுக்கு மட்டும் வராத மீன்

"என்ன மாப்ளே, ஒரே மீனு ரெண்டா ஓடுது?" என்றார் மாமா.

பாம்பன் வீட்டில் கம்ப்யூட்டரை டிவியில் மாட்டி, கடலடி த்ரீடி படம் ஒன்றை ஓடவிட்டிருந்தேன். இடது கண்ணுக்கு ஒரு காட்சி, வலது கண்ணுக்கு ஒரு காட்சி, பக்கத்தில் பக்கத்தில். ஃபுல் ஹெச்டியின் 1920 புள்ளி அகலத்தில் ஒரு கண்ணுக்கு 960தான்.

ரிமோட்டில் த்ரீடி பட்டனை அழுத்தியதும் டிவி இரண்டையும் இழுத்து ஒன்றாக்கியது. அந்தந்தக் கண்ணுக்கு அதனதன் காட்சியைப் பிரித்துக் கொடுக்கும் மீதி வேலையை த்ரீடி கண்ணாடி பார்த்துக்கொண்டது. (இந்த டிவிகள் இப்போது கடையில் வருவதில்லை. பழையது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.)

பிள்ளைகள் கை நீட்டி மீனைப் பிடித்தார்கள்.

மாமா கண்ணாடியைக் கழற்றினார், வேட்டியில் துடைத்தார், மறுபடி போட்டார். எதுவும் வெளியே வரவில்லை.

வலது கண்ணில் புரை. இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் இந்த வித்தை.

ஆனால் பாம்பன் கால்வாயின் நீரோட்டத்தில் பாலத் தூண்களுக்கு நடுவே படகைக் கொண்டுபோகிறவர் இவர்தான்! தெரிந்த பொருளின் அளவு, ஒன்றை ஒன்று மறைப்பது, நாம் நகரும்போது கிட்ட இருப்பது வேகமாக விலகுவது... தூரத்தை அளக்க மூளைக்கு இத்தனை வழி. த்ரீடி கூட்டித் தருவது, இரண்டு கண்ணும் பார்ப்பதில் உள்ள வித்தியாசம் என்ற இன்னொரு வழியை மட்டும்தான்.

சரி, ஆபரேஷனுக்கு ராமநாதபுரம் போவோமா என்றேன்.

"ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் வரட்டும், அப்புறம் பாக்கலாம்."