கமகம் தெரிந்த பெட்டி

“இதில் மனிதக் கையே இல்லை, தம்பி” என்று சொல்லி ஊசியைத் தூக்கிவிட்டார், இன்று ஏற்காட்டில் நான் சந்தித்த இசைத்தட்டுச் சேகரிப்பாளர்.

ஓடிக்கொண்டிருந்தது, பம்பாய் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து வெளியிட்ட தட்டின் 2010ஆம் ஆண்டு மறுபதிப்பு.

அவருடைய அலமாரி முழுவதும் ஜாஸ். மலைப் பனியில் உறைகளில் பூஞ்சை ஏறாதிருக்க உள்ளே ஒரு சிறு பல்பு எரிந்துகொண்டே இருக்கிறது. (சூட்டில் தட்டு வளைந்துவிடுமே என்ற என் கவலையை அவர் பொருட்படுத்தவில்லை.)

அந்தத் தட்டில் ரோலண்ட் 808 என்ற மின்னணுத் தாளப்பெட்டி கொஞ்சமும் மாறாமல் அடிப்பது உண்மைதான். ஆனால் அதன் கீழே 303 என்ற, தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பாஸ் கருவி ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கி ஏறும்போது கமகத்தின் சாயல் கேட்கிறது.

கிதார் கலைஞர்களுக்குத் துணையாகச் செய்யப்பட்டு, அவர்களிடம் எடுபடாமல், பழைய பொருளாக மலிந்த அந்த 303 பெட்டியின் குமிழ்களைத் திருகித்தான் சிகாகோவின் ஃபியூச்சர் குழு 1987இல் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசைக்கு வழிவகுத்தது.

பம்பாய்க்காரரான சரண்ஜித் சிங் ஐந்தாண்டு முந்தியவர். அதற்காக, சில சேகரிப்பாளர்களைப் போல, ஆசிட் ஹவுஸையே அவர் கண்டுபிடித்தார் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வெளிவந்தபோது இங்கேயே பெரிதாகக் கவனிக்கப்படாத ஒரு தட்டை, சிகாகோ இளைஞர்கள் கேட்டுப் பின்பற்றியதாகச் சொல்ல எந்தச் சான்றும் இல்லை.

கேட்க விரும்புகிறவர்களுக்கு மறுபதிப்பே போதும். பைரவ் ராகத்தில் தொடங்குங்கள்.