பட்டில் ஏற்றிய கீமோ மருந்து எதுவரை வந்திருக்கிறது?

பட்டு புற்றுநோயைக் கொல்லும் என்று யாராவது அனுப்பினால் முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பட்டு எதையும் கொல்வதில்லை. கொல்வது அதற்குள் இருக்கும் பழைய கீமோ மருந்துதான். அதைச் சுமந்துபோய் சரியான இடத்தில் இறக்கிவிடுவது மட்டுமே பட்டின் வேலை. ஆனால் அந்த இறக்கிவிடும் விதம் இருக்கிறதே, அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் தீராத ஆர்வம்.

டாக்ஸோரூபிசினை எடுத்துக்கொள்வோம். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அந்தச் சிவப்பு மருந்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஏற்றிய ஓரிரு நாளைக்குச் சிறுநீர்கூடச் சிவப்பாகப் போகும். நல்ல மருந்துதான், ஆனால் இதயத்தைக் கெடுக்கும். அதனால் ஒருவருக்கு வாழ்நாள் முழுக்கச் சேர்த்து இவ்வளவுதான் என்று டாக்டர்கள் கணக்கு வைத்திருப்பார்கள், உடல் பரப்பில் சதுர மீட்டருக்குச் சுமார் 450 முதல் 550 மில்லிகிராம் வரை. என் சித்திக்கு ஒவ்வொரு தடவை மருந்து ஏற்றுவதற்கு முன்னாலும் "எக்கோ எடுத்தாச்சா?" என்று இதய ஸ்கேனைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் அதுதான். இந்த மருந்தை இதயத்தின் பக்கம் போகவிடாமல் கட்டிக்கு மட்டும் கொண்டுபோக முடியுமா என்பதுதான் கேள்வி.

பாஸ்டன் பக்கம் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்லன் பல வருடங்களாகப் பட்டை வைத்து ஆராய்ச்சி செய்பவர். அவரும் ஃபிலிப் சைபும் குழுவினரும் 2013-இல் வெளியிட்ட வேலை இந்தக் கேள்விக்கான ஒரு முயற்சி. செய்முறையைக் கேட்டால் நம்ப முடியாத அளவுக்கு எளிமையாக இருக்கும். பட்டுக்கூட்டை வெட்டி, சலவைச் சோடா கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் போலக் கொதிக்கவிட்டால் மேலே இருக்கும் செரிசின் என்ற பசை கரைந்து போய்விடும், மிஞ்சுவது ஃபைப்ராயின் என்ற இழைப் புரதம். (சாயம் போடுவதற்கு முன் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைப்பவர்களுக்கு இது தினசரி வேலை.) அதை லித்தியம் புரோமைடு கரைசலில் 60 டிகிரியில் சில மணி நேரம் வைத்துக் கரைத்து, உப்பு வெளியேறும்வரை சவ்வுப் பையில் கட்டித் தண்ணீரில் ஊறப்போட்டால் கிடைப்பது தண்ணீராகவே ஓடும் பட்டு. அப்புறம் அதைச் சொட்டுச் சொட்டாக அசிட்டோனில் விட வேண்டும். விழுந்ததுமே பால் மாதிரி வெளுத்துவிடும். அந்த வெள்ளைதான் நானோ துகள்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 நானோமீட்டர்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். ரத்தத்தின் பி.எச். 7.4 (பி.எச். என்பது அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). அந்த நிலையில் ஃபைப்ராயினுக்கு எதிர்மின்னூட்டம், டாக்ஸோரூபிசினுக்கு நேர்மின்னூட்டம், அதனால் இரண்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும். துகளைப் புற்று செல் விழுங்கியதும் அது லைசோசோம் என்ற செரிமானப் பைக்குப் போகிறது, அங்கே பி.எச். 4.5 அளவுக்கு அமிலம். அந்த அமிலத்தில் பட்டின் எதிர்மின்னூட்டம் குறைகிறது, பிடி தளர்கிறது, மருந்து வெளியே வருகிறது. தனியாக ஒரு பூட்டும் சாவியும் தயாரிக்க வேண்டியதில்லை, புரதத்தின் இயல்பே போதும். 4.5-இல் மிக வேகமாகவும், 6-இல் கொஞ்சம் மெதுவாகவும், 7.4-இல் இன்னும் மெதுவாகவும் மருந்து வெளிவந்ததை அவர்கள் அளந்து காட்டினார்கள்.

நம் நாட்டிலும் ஐ.ஐ.டி. கரக்பூரில் சுபாஸ் குண்டுவின் குழு இதே துறையில் நிறைய உழைத்திருக்கிறது. வழக்கமான மல்பெரி பட்டோடு டசர் என்ற காட்டுப் பட்டையும் எடுத்துக்கொண்டார்கள். டசரின் ஃபைப்ராயினில் செல்கள் பிடித்துக்கொள்ளும் ஒரு அமினோ அமில வரிசை இயற்கையாகவே இருக்கிறது, மல்பெரி பட்டில் அது கிடையாது.

சரி, அப்படியானால் ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை? தட்டில் வளரும் செல்லுக்கு மருந்து கொடுப்பது வேறு, உடம்புக்குள் பயணம் வேறு. ரத்தத்தில் இறங்கியதுமே துகளின் மேல் வேறு புரதங்கள் படிந்துவிடும், பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். டொரண்டோவில் வாரன் சான் குழு 2016-இல் பத்து வருட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, எல்லா வகை நானோ துகள்களையும் சேர்த்து, செலுத்தியதில் கட்டியைப் போய்ச் சேர்ந்தது இடைநிலை மதிப்பாக 0.7 சதவீதம்தான். இந்தத் துறையைப் பற்றி யார் எழுதினாலும் இந்த எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. கொழுப்புக் குமிழியில் அடைத்த டாக்ஸோரூபிசின் 1995-லும், ஆல்புமின் புரதத்தில் ஏற்றிய பாக்ளிடாக்ஸல் 2005-லும் அமெரிக்காவில் அனுமதி வாங்கிவிட்டன. அதனால் புரதத்தில் மருந்து ஏற்றுவது நடக்காத காரியம் இல்லை. பட்டு மட்டும் இன்னும் அந்த வாசலைத் தாண்டவில்லை. கூட்டுக்குக் கூடு மாறாத தரம் வேண்டும், கொதிக்கும் நேரம் கூடினால் புரதச் சங்கிலி அறுந்து துகளின் குணமே மாறும். "இது கெடைக்குமா?" என்று சித்தி கேட்டபோது, இப்போதைக்குக் கிடைக்காது, போட்டுக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்தாதே என்றுதான் சொன்னேன்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது கப்லனும் சைபும் 2012-இல் வெளியிட்ட இன்னொரு வேலை. டாக்ஸோரூபிசின் ஏற்றிய மெல்லிய பட்டுப் படலத்தை, மனித மார்பகப் புற்று வளர்ந்த எலிகளில், கட்டி இருந்த இடத்திலேயே வைத்தார்கள். அதே அளவு மருந்தை ரத்தத்தில் ஏற்றியதைவிடக் கட்டி நன்றாகக் கட்டுப்பட்டது, பரவலும் குறைந்தது. பயணமே இல்லாததால் கல்லீரல் வழிமறிக்கும் சிக்கலும் இதில் பெரிதாக இல்லை. ஏற்கெனவே உடம்பெங்கும் பரவிவிட்ட நோய்க்கு இது உதவாது. ஆனால் அறுவை சிகிச்சையில் கட்டியை எடுத்த இடத்தில் மிச்சமிருக்கும் செல்களுக்கு எதிராக இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அறுவை அரங்கில் தையல் நூலாகப் பட்டு பல காலமாகப் புழங்கி வருவதும் அதற்குச் சாதகம்.