கீழாநெல்லியும் எலியின் ஈரலும்

பேராதனையில் ஒரு ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. எலியின் ஈரலைப் போர்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, 5 மைக்ரோன் தடிப்பில் சீவிச் சாயமேற்றிக் கொடுப்பேன். ஹீமட்டொக்சிலின் கலத்தின் கருவை நீலமாக்கும், இயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும்.

போன வாரம் புஸ்ஸல்லாவையிலிருந்து சின்னம்மா போன் எடுத்தார். "நம்ம கீழாநெல்லிய எலிக்குக் குடுத்துப் பார்த்து, காமாலைக்கு நல்லதுன்னு எழுதியிருக்காங்களாமே புள்ள?"

எழுதியிருக்கிறார்கள்தான். அப்படியான ஆய்வுகள் நிறைய உண்டு, பொய்யும் இல்லை. ஆனால் அந்த எலிக்கு நடந்தது வேறு கதை. பெரும்பாலும் முதலில் சில நாட்கள் இலைச்சாறு கொடுப்பார்கள், அப்புறம்தான் ஈரலைக் கெடுக்கும் காபன் டெட்ராகுளோரைட் என்ற ரசாயனம். அது உள்ளே போனதும் ஈரலின் நொதியமொன்று அதை உடைத்துக் கடும் நஞ்சாக்கிவிடுகிறது. அந்த நொதியம் அதிகமாக இருப்பது மத்திய நாளத்தைச் சுற்றி, அதாவது ஈரலின் ஒவ்வொரு சிறு பகுதிக்கும் நடுவில் ஓடும் இரத்தக்குழாயைச் சுற்றி. அதனால் முதலில் சாவதும் அங்குள்ள கலங்கள்தான். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கரு சுருங்கிக் கறுத்திருக்கும், சிலவற்றில் கருவே இருக்காது. பக்கத்தில் அப்பத்து ஓட்டைகள் மாதிரி வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். அவை கொழுப்பு இருந்த இடங்கள். நாங்கள் போடும் அல்கஹோலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும். கொழுப்பையே பார்க்க வேண்டுமென்றால் உறையவைத்து வெட்டி, ஒயில் ரெட் ஓ சாயம் போட வேண்டும்.

இன்னொன்று. எலி செத்தபின் ஈரலை உடனே போர்மலினில் போடாவிட்டால் அதுவாகவே அழுகத் தொடங்கும், பார்க்க நஞ்சு கொன்ற மாதிரியே இருக்கும். ஆனால் அழுகலைச் சுற்றி வெண்குருதிக் கலங்கள் வந்து சேராது. உயிரோடு இருந்தபோது பட்ட காயத்துக்குத்தான் அவை ஓடிவரும்.

சரி, சாறு குடித்த எலியில் ஓட்டைகள் குறைவு. ஏன்? சாறு கலங்களைக் காப்பாற்றியிருக்கலாம். இல்லை, அந்த நொதியத்தை மட்டும் அடக்கி, நஞ்சு உருவாகாமலே தடுத்திருக்கலாம். சாயமேற்றிய தட்டு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது. அதைச் சொல்லாமல் 'ஈரலைக் காக்கும்' என்று தலைப்புப் போடுவது எனக்குப் பிடிக்காது.

எங்கள் அப்பாயி சாறு அரைத்தது கண் மஞ்சளான பிறகு. அதுவும் எங்களுக்கு வந்தது ரசாயனத்தால் இல்லை. தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீரில் வரும் ஹெபடைட்டிஸ் ஏயில் எங்கள் சொந்த வெண்குருதிக் கலங்களே வைரஸோடு சண்டை பிடித்து ஈரலைக் காயப்படுத்துகின்றன. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடும். சாறு குடித்தவருக்கும் குணம், குடிக்காதவருக்கும் குணம்.

மனிதரில் பார்த்ததும் உண்டு. 1988இல் சென்னையில் ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் காவியவர்களில் 37 பேருக்குக் கீழாநெல்லி இனச் செடியொன்றைக் கொடுத்ததில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்ததாக வெளியிட்டார்கள். பின்னால் வேறு பல இடங்களில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

சின்னம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "குடிங்க, ஆனா காய்ச்சல்னு பனடோலை அள்ளிப் போடாதீங்க" என்றேன். அளவு மிஞ்சினால் பனடோலில் இருக்கும் பரசிட்டமோலும் மத்திய நாளத்தைச் சுற்றித்தான் கலங்களைக் கொல்லும். வாந்தி நிற்காவிட்டாலோ பேச்சுக் குழறினாலோ ஆஸ்பத்திரி.

"அந்த எலிங்க பொழைச்சிச்சா?" என்று கேட்டார். சாறு குடித்ததும் குடிக்காததும், எல்லாவற்றையும் கொன்றுதான் ஈரலை எடுக்கிறோம் என்றேன்.