கிம்பர்லியின் ரேஞ்சர்களுக்கு நிலையான நிதி வேண்டும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியான கிம்பர்லியில், பார்டி ஜாவி என்ற பூர்வகுடி மக்களின் ரேஞ்சர்கள், அதாவது தம் நிலத்தையும் கடலையும் காக்கும் பணியாளர்கள், கடற்பசுக்களையும் கடலாமைகளையும் கண்காணித்து வருகிறார்கள். மழைக்காலம் முடிந்து, புல் முற்றிலும் காய்வதற்கு முன்பே ஆங்காங்கே சிறு தீ மூட்டி, ஆண்டின் பிற்பகுதியில் பரவும் பெருந்தீக்கு இரை இல்லாமல் செய்வது, அப்பகுதிப் பூர்வகுடிகள் வழிவழியாகக் காத்துவந்த அறிவு. இன்று அதே வேலைக்கு ஹெலிகாப்டரும் செயற்கைக்கோள் வரைபடமும் துணை நிற்கின்றன என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

மத்திய அரசு 2007 முதல் ரேஞ்சர் பணிக்கு நிதி தருகிறது. மாநில அரசும் 2017-இல் ஐந்தாண்டுகளுக்கு 2 கோடி டாலர் ஒதுக்கித் தனித் திட்டம் தொடங்கியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் ஆமைகளைக் கணக்கெடுப்பதும் தீயின் போக்கை அறிவதும் பல பத்தாண்டுகள் தொடர வேண்டிய பணிகள். அடுத்த நிதியாண்டில் வேலை இருக்குமா என்ற கவலையுடன் ஓர் இளைஞர் முதியோரிடம் அமர்ந்து அவற்றைக் கற்பது கடினம். ஆகவே மாநில அரசு இதைத் தவணை மானியமாக அன்றி, தீயணைப்புத் துறையைப் போல நிரந்தரச் செலவாக ஏற்க வேண்டும். பெண் ரேஞ்சர்களின் இடங்களையும் கூட்ட வேண்டும். பெண்கள் மட்டுமே செல்லக்கூடிய இடங்கள் அந்த நிலத்தில் உண்டு.