செத்த நியூஸ்குரூப்பை நீக்குவதற்குள்

தலைப்புவாரிக் குழுக்களில் (நியூஸ்குரூப்) செய்திகளைப் பதிந்து, சர்வருக்குச் சர்வர் பரிமாறிக்கொள்ளும் பழைய விவாத வலையான யூஸ்நெட்டில் யாரும் ஒரு குழுவை உலகம் முழுக்க நீக்கிவிட முடியாது. குழுவை நீக்கச் சொல்லும் ஆர்எம்குரூப் செய்தி என்பது வெறும் வேண்டுகோள். ஏற்பதும் தூக்கிப் போடுவதும் அந்தந்த சர்வர்காரர் இஷ்டம். அது தெரிந்துதான் யூஸ்நெட் மென்பொருளான ஐஎன்என் ஓடும் எங்கள் சர்வரில், குழுக்களின் பட்டியலான ஆக்டிவ் ஃபைலைச் சுத்தம் செய்ய இறங்கினோம். நிறுவியது, செய்தி பரிமாறும் மற்ற சர்வர்களை (பியர்கள்) பிடித்தது எல்லாம் ஒரே மாலையில் முடிந்தது. அதன்பிறகு மூன்று வாரம் வீண்.

முதல் சறுக்கல் கையெழுத்து. காம்ப், ரெக், சோக் உள்ளிட்ட பிக்-8 எனும் எட்டுப் பெரிய பிரிவுகளின் குழுப் பட்டியல் செக்குரூப்ஸ் என்ற செய்தியாக, போலியல்ல என்று காட்டும் பிஜிபி டிஜிட்டல் கையெழுத்தோடு வரும். வந்தது. ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பில் தோற்றது. சரிபார்க்கும் சாவியை ரூட்டாக (நிர்வாகி யூசராக) இறக்குமதி செய்திருந்தோம். அது போய் ரூட்டின் சாவிக்கொத்தில் உட்கார்ந்துகொண்டது. கையெழுத்தைச் சரிபார்க்கும் பிஜிபிவெரிஃபை ஓடுவதோ நியூஸ் யூசராக. நியூஸ் யூசராக மாறி, ஐஎன்என்னின் சொந்த பிஜிபி ஃபோல்டரில் சாவியைச் சேர்த்ததும் பிக்-8 சரியானது. வேறு சில பிரிவுகள் அப்போதும் தோற்றன. பிஜிபி 2 காலத்துச் சாவிகளை பிஜிபி வேலையைச் செய்யும் ஜிஎன்யுபிஜி மென்பொருளின் 2.1 முதலான பதிப்புகள் ஏற்பதில்லை. பழைய 1.4-ஐயும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எந்தக் கட்டளைச் செய்தியை என்ன செய்வது என்று சொல்லும் கண்ட்ரோல்.சிடிஎல் ஃபைல். செய்தி வகை, அனுப்பியவர், குழு, நடவடிக்கை என்று முக்காற்புள்ளியால் பிரித்த நாலு பகுதிகள். ஃபயர்வால் எழுதிப் பழகிய கைக்கு முதலில் பொருந்தும் வரிதான் செல்லும் என்ற நினைப்பு. இங்கே கடைசியாகப் பொருந்துவதே செல்லும். ‘மற்றதெல்லாம் ட்ராப்’ (கைவிடு) என்று அடியில் ஒரு வரி போட்டோம். மேலே பார்த்துப் பார்த்து எழுதியதெல்லாம் சத்தமில்லாமல் செத்துப்போயின. பொதுவிதி மேலே, விதிவிலக்கு கீழே. முதல் வாரம் ‘லாக்’ (குறித்து மட்டும் வை) மட்டும் வைத்து என்ன வருகிறதென்று பாருங்கள். சொந்த வரிகளை கண்ட்ரோல்.சிடிஎல்.லோக்கலில் எழுதினால் அப்கிரேடில் அழியாது.

ஆல்ட் பிரிவுக்கு ‘டூஇட்’ (கேட்டதைச் செய்) போட வேண்டாம். 1987-இல் பிறந்தது முதல் அதற்கு உடைமையாளரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஆல்ட்.ஸ்வீடிஷ்.ஷெஃப்.போர்க்.போர்க்.போர்க் மாதிரி வேடிக்கைப் பெயர்களில் ஆக்டிவ் ஃபைல் வீங்கும்.

எது செத்த குழு என்று தீர்மானிப்பதுதான் பெரிய தலைவலி. ஒரு செய்திகூட இல்லாத குழுக்களை எடுத்துவிடலாம் என்று பட்டியல் போட்டோம். நல்லவேளையாக இன்னொரு சர்வரில் எட்டிப் பார்த்தோம்: அங்கே அதில் பாதி உயிரோடு. எதை நமக்கு அனுப்புவது என்று சொல்லும் நம் பியரின் நியூஸ்ஃபீட்ஸ் பேட்டர்னில் அந்தப் பிரிவே இல்லை, அவ்வளவுதான். எதிர்ப்பக்க ஏமாற்றும் உண்டு. 2024 பிப்ரவரி 22-இல் கூகுள் குரூப்ஸ் யூஸ்நெட் தொடர்பை நிறுத்தியது. அதற்கு முந்தைய எண்ணிக்கையில் பெரும்பகுதி அதன்வழி வந்த விளம்பரக் குப்பையாக இருக்கலாம். ஆகவே அந்தத் தேதிக்குப் பிறகு வந்ததை மட்டும் எண்ணுங்கள்.

நம் சர்வரிலும் எடுத்தவுடன் ஆர்எம்குரூப் கட்டளை வேண்டாம். சேஞ்ச்குரூப் கட்டளையால் ‘என்’ கொடி போட்டால் உள்ளூர்ப் பதிவு நிற்கும், வெளியிலிருந்து வருவது வரும். முப்பது நாள் யாரும் முனகாவிட்டால் நீக்கலாம். பழைய செய்திகள் உடனே போகாது, எக்ஸ்பயர்தான் மெதுவாகக் கழிக்கும். பிறகு லாகில் ‘437 அன்வான்டட் நியூஸ்குரூப்’ வரிசை கட்டும். பியர்கள் இன்னும் அனுப்புகிறார்கள் என்று அர்த்தம், பிழையல்ல.

தவறி நீக்கிய ஒரு மாடரேட்டட் குழுவை (நடத்துநர் ஒப்புதலோடு மட்டும் பதிவு ஏறுவது)த் திரும்ப உருவாக்கும்போது ‘எம்’ கொடியை விட்டுவிட்டோம். நம் பக்கம் எல்லோருக்கும் பதிவு ஏறியது. அந்த ஒப்புதலைக் காட்டும் அப்ரூவ்ட் ஹெடர் இல்லாததால் மற்ற சர்வர்கள் அத்தனையும் தள்ளிவிட்டன. எழுதியவர்களுக்கோ, போய்ச் சேர்ந்துவிட்டது என்ற நினைப்பு. குழுவின் விளக்கத்துக்குக் கடைசியில் ‘மாடரேட்டட்’ என்று அடைப்புக்குறியில் இருக்கிறதா என்று நியூஸ்குரூப்ஸ் ஃபைலில் பார்த்துவிட்டு உருவாக்கியிருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது.

கொடியைத் திருத்திவிட்டு, கடைசியாக வந்த செக்குரூப்ஸ் செய்தியை அதை நம் பட்டியலோடு ஒப்பிடும் டூசெக்குரூப்ஸில் ஊட்டினோம். வழக்கமாக ஒரு பக்கம் குறை சொல்லும். இந்த முறை வாயே திறக்கவில்லை.