ராமேஸ்வரத்தில் அறை எடுக்கும் முன் காற்றைக் கேளுங்கள்

மாலத்தீவுக்கு விசாரித்துப் பார்த்துவிட்டு, விமானக் கட்டணத்தைக் கண்டதும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார் அத்தான். "நம்ம பக்கத்துலயே ஒரு தீவு இருக்குல்ல, அங்க போவோம்" என்றார். சென்னையிலிருந்து அக்கா குடும்பம், மதுரையிலிருந்து நானும் அம்மாவும். பள்ளி திறப்பதற்கு முன், மே மாதக் கடைசி. பக்கத்து ஊர்க்காரி என்பதால் தங்கும் இடம் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

பாம்பன் தீவில் அறைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ராமேஸ்வரத்தின் லாட்ஜுகளும் மடங்களும் கோயிலுக்கு வருபவர்களை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. விடியற்காலை ரயிலில் இறங்கி, கடலாடி, தீர்த்தமாடி, தரிசனம் முடித்து, மறுநாள் கிளம்பிவிடுகிற கூட்டம் அது. அவர்களுக்குத் தலை சாய்க்க ஒரு கட்டில், துணி காயப்போட ஒரு கொடி போதும். காலை நீட்டிக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வருபவர்களுக்கு வேண்டியதெல்லாம் வேறு. எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் இருந்தன. அம்மாவுக்கு 22 தீர்த்தமும் ஸ்படிக லிங்க தரிசனமும். பிள்ளைகளுக்குக் கடல். அத்தானுக்கு மீன்.

முதலில் எல்லோரும் கேட்பது தனுஷ்கோடி. அங்கே இரவு தங்க முடியாது. 1964 டிசம்பர் புயலில் ஊரே போன பிறகு, மக்கள் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. இன்றும் சில மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு இருக்கின்றன. 2017 முதல் அரிச்சல்முனை வரை நல்ல தார்ச்சாலை இருந்தாலும், சாயங்காலம் ஆனதும் போலீஸ்காரர்கள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே விடுதியின் பெயரில் தனுஷ்கோடி என்று இருந்தால், அது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துவிடுவது நல்லது. அதேபோல மன்னார் வளைகுடாவின் குட்டித் தீவுகளும். 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா அது. குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகில் போய்த் திரும்பலாம், படுத்து எழுந்திருக்க அனுமதி இல்லை.

மிச்சம் இருப்பவை மூன்று: கோயிலைச் சுற்றிய தெருக்கள், தங்கச்சிமடம் பாம்பன் பக்கம், பாலத்துக்கு இப்பால் மண்டபம் முதல் அரியமான் வரை உள்ள கரை.

பதிவு செய்யும் செயலியைத் திறந்தால் எல்லா விடுதியும் 'கடல் பார்த்த அறை' என்கிறது. எந்தக் கடல் என்று ஒருவரும் சொல்வதில்லை. இந்தத் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போகிற ஓட்டுநர்கள் ஒன்றைப் பெண் கடல், மற்றதை ஆண் கடல் என்று சொல்லிக் காட்டுவார்கள். வடக்கே சாது, தெற்கே முரடு என்று கணக்கு. ஆனால் அது வருஷம் முழுக்கப் பொருந்தாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று, இங்கே கச்சான் என்பார்கள், அடிக்கும்போது தென்கரை கொந்தளிக்கும், வடகரை குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசியில் வாடை இறங்கிவிட்டால் எல்லாம் தலைகீழ்: வடக்கே அலையும் கலங்கலும், தெற்கே அமைதி. நட்சத்திரக் குறி, நீச்சல்குளம், காலை உணவு எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் கட்சி. படத்தில் கண்ணாடிபோல் இருக்கும் கடல் எந்த மாதம் எடுத்த படமோ, யாருக்குத் தெரியும்.

தென்கரையில் ஓர் இடம் படத்தில் அழகாக இருந்தது. ஓலைக்கூரை, ஊஞ்சல், வாசலில் மணல். தொலைபேசியில் அழைத்தேன்.

"கடல் எப்படிண்ணே இருக்கு? சின்னப் பிள்ளைக இருக்காங்க."

"கச்சான் ஏறிருச்சுக்கா. பிள்ளைகள எறக்க முடியாது. ரூம் வேணும்னா தர்றேன், ஆனா ஜன்னலத் தொறந்தீங்கன்னா மெத்த பூரா மண்ணாயிரும். தை, மாசில வாங்க, இந்த எடமே வேற மாதிரி இருக்கும்."

வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு உண்மை சொன்ன அந்த மனிதர் மீது மரியாதை வந்துவிட்டது. எண்ணைப் பத்திரப்படுத்திக்கொண்டேன்.

சரி, வடகரை என்று முடிவானது. ஆனால் அம்மா? ஸ்படிக லிங்க தரிசனம் காலை ஐந்து மணிக்கு. தீர்த்தமாடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் அக்னி தீர்த்தக் கடல், அப்புறம் ஈரத்தோடு கோயிலுக்குள் 22 தீர்த்தம், பிறகு உடை மாற்றிக்கொண்டுதான் சுவாமி தரிசனம். அறை பக்கத்தில் இருந்தால் சொட்டச் சொட்ட நடந்து வந்து மாற்றிக்கொள்ளலாம். தூரத்தில் தங்கினால் பையைச் சுமந்துகொண்டு, உடை மாற்றும் இடத்தில் வரிசையில் நிற்க வேண்டும். வயதானவர்களை வைத்துக்கொண்டு அது ஆகாத காரியம். அதனால் தங்குவதையே இரண்டாகப் பிரித்தேன்: முதல் இரவு கோயில் பக்கம், மற்ற நாட்கள் கடற்கரை. பெட்டியை இரண்டு முறை கட்ட வேண்டுமா என்று அக்கா முணுமுணுத்தாள். கட்டினோம்.

கோயில் பக்கத்து லாட்ஜ் கார் நுழையாத சந்தில் இருந்தது. அறை சுத்தம், சுவரில் ஈரம். இந்த ஊரில் அறை எடுப்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நாள் கணக்கா மணிக் கணக்கா என்பது. விடியற்காலை நுழைந்து பகல் பன்னிரண்டுக்குக் காலி செய்யச் சொன்னால் ஒரு நாள் வாடகை அரை நாளில் கரைந்துவிடும். இருபத்து நான்கு மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் இடமாகப் பார்த்து எடுத்தேன். இரண்டாவது கேள்வி தண்ணீர். பல இடங்களில் குழாயில் வருவது உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறாகிவிடும். "குளிக்க நல்ல தண்ணியா?" என்று நேராகவே கேட்கலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றாவது அமாவாசை. ஆடி, தை, மகாளய அமாவாசைகளை ஒட்டி ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. கோயிலைச் சுற்றி சைவச் சாப்பாடுதான் அதிகம் என்பதால், அத்தான் அந்த ஒரு நாளும் இட்லியைத் துறவி முகத்தோடு சாப்பிட்டார்.

அம்மாவின் வேலை நிறைவாக முடிந்தது. பிள்ளைகளுக்கு மூன்றாம் பிரகாரத்தின் தூண்கள் பிடித்திருந்தன. எண்ண ஆரம்பித்து சண்டையில் விட்டுவிட்டார்கள். 1212 என்று பிறகு சொன்னேன்.

பாலம் தாண்டி அரியமானுக்கு மாறினோம். சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களால் எப்போதும் நெரிசல். நம்மைப் போன்றவர்கள்தான், குறை சொல்ல முடியாது. பக்கத்தில் 1914இல் திறந்த பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதியதும் நிற்கும்போது யாரால் கண்ணை எடுக்க முடியும்? கப்பல் போவதற்காகப் புதிய பாலத்தின் நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளம், அப்படியே லிஃப்ட் போல மேலே ஏறும். நாங்கள் போனபோது ஏறவில்லை. தீவுக்கு வெளியே தங்குபவர்கள், கோயிலுக்கு ஒவ்வொரு முறையும் இந்தப் பாலத்தைக் கடக்க வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரியமான் பாக் நீரிணைக் கரை. சவுக்குத் தோப்பு, அதற்கு அந்தப் பக்கம் கடல். அந்த மாதத்தில் அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. சின்னவள் வெகுதூரம் நடந்தும் தண்ணீர் இடுப்பைத் தாண்டவில்லை. நீந்தத் தெரிந்த அத்தானுக்கு இதில் சலிப்பு, எனக்கும் அக்காவுக்கும் நிம்மதி. ஒரு குறையும் சொல்லிவிட வேண்டும்: ஆழமில்லாத இந்தக் கடலில் கடல்புல் நிறைய, அது கரையில் ஒதுங்கி அழுகினால் வாடை வீசும். விடுதிக்காரர்கள் காலையில் வாரித் தள்ளினாலும் மத்தியானத்துக்குள் திரும்ப வந்துவிடுகிறது. கடற்கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தோப்புக்குள் இருக்கும் அறையைக் கேட்டு வாங்கியதில் இரவு நன்றாகத் தூங்கினோம். முன்வரிசை அறைக்குக் கூடுதல் பணம் கேட்கிறார்கள். அங்கே உப்புக்காற்றில் ஏசி இயந்திரம் துருப்பிடித்துத் தொங்குவதைப் பார்த்தால் எதற்கென்று தெரியவில்லை.

மீன் விஷயத்தில்தான் மாதம் எங்களைக் கொஞ்சம் இடித்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மண்டபத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. நாட்டுப் படகுகள் கொண்டுவருவது மட்டும்தான், விலை கூடுதல். விடுதிச் சமையல்கார அம்மா, "பட்டியல்ல இருக்கிறத கேக்காதீங்க தம்பி, கரையில என்ன கெடைக்குதோ வாங்கிட்டு வாங்க, செஞ்சு தாரேன்" என்று அத்தானிடம் சொல்லிவிட்டார். அத்தான் விடிகாலையில் கரைக்குப் போய் ஊளியும் நண்டும் வாங்கி வந்தார். புளி தூக்கலாக வைத்த அந்தக் குழம்புக்காகவே இந்த விடுதியை இன்னொரு முறை எடுக்கலாம். அறை பார்க்கும்போது 'வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருவீர்களா' என்று கேட்டு வையுங்கள். சில இடங்களில் மறுத்துவிடுவார்கள்.

திரும்பும் வழியில் தங்கச்சிமடத்துக்குள் ஒரு நடை போய் மல்லிகை நாற்று வாங்கினாள் அக்கா. அந்தப் பகுதியின் நாற்றுக்கு நல்ல பெயர். அங்கே வீட்டோடு சேர்ந்த சில தங்கும் இடங்களையும் எட்டிப் பார்த்தேன். கோயிலுக்கும் பாம்பனுக்கும் நடுவில், தென்னையும் பனையுமாக, சத்தம் இல்லாத இடம். கடல் வாசலில் இல்லை, ஆட்டோ வேண்டும். கணவன் மனைவி இருவர் மட்டும் வந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

அத்தான் இப்போதே அடுத்த பயணம் பேசுகிறார். தை மாதம், தென்கரை, கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரைகளும் வந்திருக்கும் நேரம். பள்ளி விடுப்பு எப்படி எடுப்பார்கள் என்பது அக்காவின் தலைவலி. நான் அந்த ஓலைக்கூரைக்காரரை அழைத்து, தை அமாவாசைக்கு அடுத்த வாரம் அறை காலியா என்று கேட்டுவிட்டேன். முன்பணம் இப்போது வேண்டாம், கார்த்திகையில் கூப்பிடுங்கள் என்றார்.