கொல்கத்தாவுல முதல் நாளும் அத்தையோட சில்லறையும்

சென்னையில கோரமண்டல் ஏறும்போதே அத்தை கர்ச்சீப்புல சில்லறை முடிஞ்சு வச்சிருந்தாங்க, கிருஷ்ணா வந்தா போடணும் கோதாவரி வந்தா போடணும்னு. ஏசி கோச்சுல ஜன்னல் திறக்காதுங்கறது விஜயவாடா கிட்ட வந்தப்புறம்தான் அவங்களுக்கு உறைச்சுது. "என்ன ஏசியோ போ"ன்னு முணுமுணுத்துட்டு கண்ணாடி வழியாவே கும்பிட்டு காச திரும்ப முடிஞ்சாங்க. ராஜமுந்திரியிலயும் அதே கதை. மகாநதி நடுராத்திரிக்கு மேல வந்துது, அதுக்கும் முழிச்சிருந்தாங்க பாருங்க.

ஷாலிமார்ல இறங்கி லேக் மார்க்கெட் பக்கம் ரூம் போட்டோம், நம்ம ஊர்க்காரங்க ரொம்ப காலமா இருக்கற ஏரியா அது, சாப்பாட்டுக்கு கவலையே இல்ல. வீட்டுக்காரர் விக்டோரியா மெமோரியல்னார், பையன் டிராம்ல போகணும்னான். "வந்த அன்னிக்கே அம்பாள பாக்காம ஊர் சுத்துவாங்களா?"ன்னு அத்தை ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, அதோட முடிஞ்சுது. காளிகாட் ஸ்டேஷன்ல மெட்ரோ ஏறினா நேரா தக்ஷிணேஸ்வரம் காளி கோயில், நடுவுல மாறவே வேண்டாம், 2021லதான் அதுவரைக்கும் நீட்டியிருக்காங்க. மத்தியானம் நடை சாத்திடுவாங்க, அதனால திறக்கற நேரம் பாத்து போயிடுங்க.

போன், செருப்பு ரெண்டையும் வெளியிலயே குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கணும். கூட்டத்துல பிரிஞ்சா எங்க நிக்கறதுன்னு பேசி வச்சுக்காம உள்ள போனது எங்க தப்பு.

கோயில் ராணி ராஸ்மணி கட்டினது, 1855ல கும்பாபிஷேகம். காசிக்கு போக படகெல்லாம் ரெடி பண்ணியிருந்தவங்களுக்கு கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி அம்பாள் கனவுல வந்து, காசிக்கெல்லாம் வேண்டாம், இங்கயே கங்கைக்கரையில எனக்கு கோயில் கட்டுன்னு சொன்னதா சொல்வாங்க. அவ்ளோ செலவு பண்ணி கட்டினாங்க, ஆனா அவங்க ஜாதிய சொல்லி பிராமணங்க பூஜைக்கு வர மாட்டேன்னுட்டாங்க. கடைசியில வந்தவர் ராம்குமார், அவரோட தம்பிதான் நம்ம ராமகிருஷ்ணர். ஊரே பரமஹம்சர் பேரதான் சொல்லுது, எனக்கென்னவோ அங்க நின்னப்ப அந்த ராணிதான் மனசுல வந்து வந்து நின்னாங்க.

வெளியில ஒன்பது கோபுரத்தோட அவ்ளோ உசரமா இருக்கேன்னு பாத்தா உள்ள பவதாரிணி சின்ன உருவம்தான். சிவன் மார்பு மேல நிக்கறா, கழுத்து நிறைய செம்பருத்தி. ரெண்டு கண்ணு மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு, அதுக்குள்ள தள்ளி விட்டுட்டாங்க.

வெளிய வந்தா அத்தைய காணோம். போன் கிடையாது, பாஷை கிடையாது, எனக்கு வயித்த கலக்கிடுச்சு. வீட்டுக்காரர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்னு தேடி, கடைசியில ஆத்தோரமா வரிசையா இருக்கற பன்னெண்டு சிவன் சன்னதியில ஒன்பதாவதுல கண்டுபிடிச்சேன். ஒவ்வொண்ணுலயும் படி ஏறி கும்பிட்டு இறங்கிட்டு இருக்காங்க. "எட்டு ஆச்சு, இன்னும் நாலுதான், அவசரப்படுத்தாத"ன்னு என்னையே அதட்டினாங்க. சரின்னு நானும் மிச்ச நாலும் கும்பிட்டேன்.

அங்கிருந்து ராமகிருஷ்ண மடத்தோட தலைமை இடமான பேலூர் மடத்துக்கு படகு. அரை மணி கூட ஆகல. கங்கை பழுப்பா ஓடுது, ஆகாயத்தாமரை கொத்து கொத்தா மிதந்து வருது. படகு நடு ஆத்துக்கு வந்ததும் அத்தை கர்ச்சீப்ப அவுத்தாங்க. கிருஷ்ணாவுக்கு ஒண்ணு, கோதாவரிக்கு ஒண்ணு, மகாநதிக்கு ஒண்ணு, கங்கைக்கு ரெண்டு, எல்லாம் ஒரே இடத்துல. "எங்க போட்டாலும் சமுத்திரத்துக்குத்தான போகுது"ன்னு கணக்க நேர் பண்ணிட்டாங்க.

பேலூர் கோயில் வேற மாதிரி, 1938ல திறந்தது, ஒரு பக்கம் பாத்தா நம்மூர் கோபுரம் ஞாபகம் வரும், இன்னொரு பக்கம் சர்ச் மாதிரி இருக்கும், விவேகானந்தர் யோசிச்சு வச்சது அப்படி. ராமகிருஷ்ணரோட மனைவி சாரதா தேவி சன்னதி மட்டும் கங்கைய பாத்த மாதிரி இருக்கு, அவங்களுக்கு கங்கைன்னா அவ்ளோ பிரியமாம். நாங்க போய் உக்காரவும் சாயந்திர ஆரத்தி ஆரம்பிச்சுது. பாட்டு தொடங்கினதுதான் தாமதம், பக்கத்துல அத்தை கணீர்னு கூட பாடறாங்க! வங்காளத்துல ஒரு வார்த்தை தெரியாதவங்க. முன்னாடி இருந்த அம்மா திரும்பி பாத்து சிரிச்சாங்க. விவேகானந்தர் எழுதின அதே பாட்டு மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்துலயும் தினம் சாயந்திரம் பாடறதுதான், அத்தை இருபது வருஷமா போறாங்க. கல்யாணமாகி பத்து வருஷத்துல அவங்க வாய்விட்டு பாடி நான் கேட்டதே இல்ல.

திரும்ப பஸ்ல ஹவுரா வந்து, பாலத்த வெளியிலேர்ந்தே பாத்துட்டு, ஆத்துக்கு அடியில போற மெட்ரோல ஏறினோம். ஆறு வர்ற இடத்துல சுரங்கத்துல நீல லைட் போட்டிருக்காங்க, ஒரு நிமிஷம் கூட இல்ல, தாண்டிடுது. அத்தைகிட்ட இப்ப கங்கைக்கு கீழ போறோம்னு சொன்னேன். ஜன்னல் பக்கம் பாத்தாங்க, அப்புறம் கூரைய பாத்து கை கூப்பினாங்க.

"பாட்டி, நீ போட்ட காசு இப்ப நம்ம தலைக்கு மேலயா இருக்கு?"ன்னான் பையன்.

"இன்னும் இவ்ளோ தூரம் வந்திருக்காதுடா"ன்னாங்க.